கிரீஸ் அண்ணனும் ஒரு வெள்ளைக் கோட்டும்

கோட்டின் காலரை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். பிறகு கறையை விரல் நுனியால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்து உருட்டிப் பார்க்கிறார். மனைவியின் உடுப்பை ஒரு கணவர் இப்படிச் சோதித்தால் அக்கம்பக்கத்தில் வேறு கதை கட்டுவார்கள். இவர் தீர்ப்பு சுருக்கமானது: "ஃபவுண்டேஷன். எண்ணெய்ச் சரக்கு. உடனே தண்ணி காட்டக் கூடாது."

தெருவுக்கு அவர் கிரீஸ் அண்ணன். லாரிப் பட்டறை மெக்கானிக். வண்டி இருமுகிற இருமலை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்து வந்ததும் கால்மணி நேரம் கை கழுவி, சமையலறை ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக் கறை எடுக்க உட்கார்ந்தாரானால், கண் ஆபரேஷன் டாக்டர்கள் வந்து பாடம் கேட்கலாம்.

மனைவி அழகு நிலையத்தில் மேக்கப் போடுபவர். நாள் முழுக்கச் சிவப்பும் கறுப்பும் சந்தன நிறமும் புழங்குகிற இடம். ஆகவே முதலாளியம்மா நன்றாக யோசித்து, ஊழியர்களுக்குத் தூய வெள்ளைக் கோட்டைச் சீருடையாக்கியிருக்கிறார். சனிக்கிழமை காலைகளில் மூக்குக்கண்ணாடியோடு சோதனை. கறையோடு மூன்று முறை பிடிபட்டால் மணப்பெண் அலங்கார நாற்காலி பறிபோகும். பழையபடி புருவம் திருத்தும் மூலைதான். ஆறு வருஷம் நூலைப் பல்லில் கடித்துப் புருவம் திருத்திய பிறகு கிடைத்த நாற்காலி அது.

இரண்டு முறை பிடிபட்டாகிவிட்டது. இரண்டுமே அண்ணனின் கைங்கரியம். முதல் தடவை, பட்டறை வழக்கப்படி பெட்ரோல் நனைத்த பஞ்சு. கறை போனது, வாடை போகவில்லை. "வாடையும் கறைதான்" என்று முதலாளியம்மா அங்கேயே சட்டத்தைத் திருத்தினார். இரண்டாம் தடவை, டியூப்லைட்டில் கண்ணுக்குத் தப்பிய இளஞ்சிவப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிவிட்டார். சூடு பட்டதும் கறை துணியிலேயே குடும்பத்தோடு குடியேறிவிட்டது.

"அதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. கிரீஸ் என்ன, லிப்ஸ்டிக் என்ன? ஒண்ணு லாரி பூசிக்குது, ஒண்ணு பொண்ணுங்க பூசிக்கிறாங்க" என்பார். மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார்.

இந்த வெள்ளிக்கிழமை, மணப்பெண் ஒருத்தி எல்லா அலங்காரமும் முடிந்த பிறகு மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். காலரில் ஃபவுண்டேஷன், தோளில் மஸ்காராவும் லிப்ஸ்டிக்கும்.

"அழணும்னா அவங்கம்மா தோள் இல்லையா? என் தோள்தானா கிடைச்சுது?" மனைவிக்குக் குரல் உடைகிறது.

"ஒரு வாளி வெந்நீர்ல முக்கி, பிரஷ்ஷால நாலு இழு இழுங்க மாப்ளே. இதுக்குப் போய் இவ்வளவு பவிசு!" இது மாமியார்.

"வெந்நீர்ல காபி போடுங்க அத்தை. உங்க பொண்ணு நாற்காலியை நான் பார்த்துக்கறேன்."

கரண்டி விளிம்பால் மேலாகத் தங்கியதை வழிக்கிறார். கோட்டைப் புரட்டி, கறைக்கு அடியில் பழைய துண்டை மடித்து வைக்கிறார். உலர்ந்த துணியிலேயே பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுக்கிறார். "தேய்ச்சா பரவும். ஒத்தணும்." துண்டில் நிறம் இறங்க இறங்க, சுத்தமான மடிப்புக்கு மாற்றுகிறார். பிறகு பச்சைத் தண்ணீர். மறுபடி சோப்பு. மஸ்காரா இரண்டாம் சுற்றில் சரணடைந்தது. லிப்ஸ்டிக் அசையவில்லை.

"பதினாறு மணி நேரம் அழியாதுன்னு டப்பாவுல போட்டிருக்கான். அவனா நானான்னு பார்த்துடறேன்." பஞ்சில் ஸ்பிரிட்.

"போச்சாங்க?"

"இல்ல."

"இப்ப?"

"பக்கத்துல நின்னு மூச்சு விடாதம்மா."

நான்காவது சுற்றுக்குப் பிறகு மனைவி கோட்டை விளக்கடியில் பிடித்தார். "போயிடுச்சுங்க! அயர்ன் பண்ணிடட்டுமா?"

"போன தடவையும் இதே டியூப்லைட்தான் சாட்சி சொல்லுச்சு. பொட்டியைத் தொட்டே, பாரு! வெயில் வரட்டும்."

காலையில் முதல் வெயில் ஜன்னலில் விழுந்ததும், கோட்டை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளில் நிழல்கூட இல்லை. அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி.

எட்டு மணிக்கு அவர் கிரீஸ் படிந்த பட்டறைச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்க, மனைவி அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "என்னங்க..." என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நெருங்கினார்.

அண்ணன் கைகளை மேலே தூக்கியபடி, முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் நகர்ந்தார்.