இருவாச்சியின் இன்னொரு வாய்

"தாமோதரன் சாரு வெள்ளிபோயாரு" என்று எங்கள் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையின் பழைய வாட்ச்மேன் போனில் சொன்னபோது, "அமெரிக்காவுக்கா? பொண்ணுகிட்ட போவ மாட்டேன்னு சொல்லிக்கினு இருந்தாரே" என்று கேட்டேன். தெலுங்கில் அந்தச் சொல் ஊருக்குப் போனாலும் பொருந்தும், உயிர் போனாலும் பொருந்தும். அவர் அழுத பிறகுதான் விளங்கியது. இப்போதும் முழுதாக விளங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

லேபிள் பிரிவில் தாமோதரன் வரைவார், நான் அளவு பார்த்து அச்சுக்கு அனுப்புவேன். ஏற்றுமதி தொடங்கிய புதிதில் டப்பாவின் மேல் ஒரு பறவை வேண்டும் என்றார் முதலாளி. நாங்கள் எல்லோரும் கிளி என்றோம். "கிளிய ஜோசியக்காரன் வெச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தாமோதரன் வரைந்தது இருவாச்சியை. சொந்த ஊரான நகரியில் தறி ஓடாத ஒரு வருஷம் வால்பாறைக்குக் கூலிக்குப் போயிருந்தபோது பார்த்த பறவை. நீண்ட மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்ததுபோல ஒரு புடைப்பு. "ரெண்டு வாயி இருக்கறதாலதான்யா அதுக்கு அந்தப் பேரு" என்பார்.

கம்பெனிப் பெயருக்கு இடம் போதவில்லை. மேலிருந்த புடைப்பை நான் வெட்டிவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை, சோம்பல்தான்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த வியாபாரி டப்பாவைப் பார்த்து, எங்கள் காட்டு டூகான் பறவை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வியந்துபோனார். அதற்கும் நீண்ட அலகுதான், மேலே புடைப்பு கிடையாது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். தாமோதரன் மட்டும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ரெண்டாவது வாய நான்தான் போட மறந்துட்டனா?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்கும்ணே" என்றேன். எப்படி அப்படிச் சொல்ல வாய் வந்ததோ, தெரியவில்லை.

அதன்பிறகு அவர் பறவையே வரையவில்லை, மாம்பழம்தான். லேபிள் வேலை கம்ப்யூட்டருக்குப் போனதும் நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

துக்கம் கேட்கப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவர் மகள் என்னைத் தனியாக அழைத்தாள். "மாமா, அந்தக் குருவி மூக்க வெட்டனது நீங்கன்னு நைனாவுக்கு அப்பவே தெரியும். அச்சாபீஸ்ல சொல்லிட்டாங்களாம். அவனா சொல்லட்டும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

சிரித்துக்கொண்டு சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டுக் காத்திருந்தாரா, மன்னிக்கத்தான் காத்திருந்தாரா? எனக்குப் பிடிபடவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

வருஷா வருஷம் பொங்கலன்று போனில் பேசுவோம். பேசி முடித்ததும், "அப்புறம், வேற இன்னா?" என்பார். வைக்கவும் மாட்டார். "வேற ஒண்ணுமில்லண்ணே" என்று நான்தான் வைப்பேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'வேற இன்னா'தான். வெட்டியது நான்தான், அண்ணே.