பாத்ரூம் காட்சி இல்லாத படம்

ஒரு அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவுப் பலகை போட வேண்டும். இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்த நாளிலிருந்து, என்னோடு டீ குடிக்க வந்த யாரும் அதைக் கேட்காமல் தப்பியதில்லை. சக்கர நாற்காலியில் வாழும் ஒரு பெண், தனியாக வீடு எடுத்துத் தங்குகிறாள். அவ்வளவுதான் என் குறும்படத்தின் கதை. அந்தப் பாத்திரத்தில் நாற்காலியில் வாழும் பெண்ணே நடிப்பார், அவருக்கு ஏற்றபடி வீட்டையே மாற்றுவேன் என்று தாம்பரம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். யாராவது "நல்ல மனசு சார் உங்களுக்கு" என்று சொன்னால், "இது கடமைங்க" என்று அடக்கமாகச் சொல்வதற்கும் பழகிவைத்திருந்தேன்.

நடிக்க ஒப்புக்கொண்டவர் பொத்தேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டுகளுக்கு பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தருவார். கதையைக் கேட்டு முடித்ததும் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"நா தரையில நகர்றத மட்டும் எடுக்கக் கூடாது சார்."

வீட்டுக்குள் அவர் நாற்காலியில் இருப்பதில்லை, கைகளை ஊன்றித் தரையில்தான் போய்வருவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"கடைக்கு வர்ற பசங்க என்ன நாற்காலிலதான் பாத்துகினு கீறாங்க. அக்கா, அக்கான்னு மரியாதையா பேசுதுங்க. அது அப்டியே இருக்கட்டும்."

"எடுக்கறதா? என் செட்டுல நீங்க தரையில இறங்கவே வேண்டியதில்ல" என்றேன். எனக்கே புல்லரித்தது.

செம்பாக்கத்தில் ஒரு தனி வீட்டை மூன்று நாள் படப்பிடிப்புக்காக வாடகைக்குப் பிடித்தோம். வாசலில் சரிவுப் பலகை வந்தது. சமையல் மேடை எட்டாது என்று தாழ்வாக ஒரு மேடை அடித்தோம். சமையலறைக் கதவைக் கழற்றினோம். கூடத்துச் சுவரில் கைப்பிடிக் குழாய் பொருத்தினோம். இதையெல்லாம் என் நண்பன் தனி கேமராவில் 'மேக்கிங்' வீடியோவாக எடுத்துக்கொண்டிருந்தான். செய்கிற நல்லது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

முதல் சிக்கல் வீட்டுக்கார அம்மாவிடமிருந்து வந்தது. சரிவுப் பலகை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது; தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர் எல்லாம் அன்றே அதன் வழியாக உருண்டு உள்ளே வந்தன. நாற்காலி வந்தபோதுதான் மறித்துக்கொண்டார்.

"தெருவுல சுத்துன சக்கரம் தம்பி. செருப்ப வெளியில விட்டுட்டுத்தானே எல்லாரும் உள்ள வர்றீங்க?"

நான் உரிமை, சட்டம் என்றெல்லாம் ஆரம்பித்தேன். நடிக்க வந்தவரோ, "கரெக்டுதான்மா. எங்க வூட்லயும் வண்டி வெளியிலதான் நிக்கும்" என்று ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். அதன் பிறகு நாற்காலி ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் சக்கரத்தைக் கழுவினோம், ஈரத் தடத்தைத் துடைத்தோம். யாருக்காக எல்லாம் செய்தேனோ அவரே என் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் நாள் அவருக்கு இரண்டு மணி நேர வேலைதான். இரண்டாம் நாள் அவர் அருமையாக நடித்தார். காலையில் டீ வேண்டாம் என்றார். பதினோரு மணிக்கு மோர் வந்தது, அதுவும் வேண்டாம். வெயில் கொளுத்தியது, தண்ணீர்கூடத் தொடவில்லை. "பாத்துக்கங்கடா, டெடிகேஷன்னா இது" என்று என் ஆட்களிடம் உபதேசம் செய்தேன்.

இரண்டு மணிக்கு, சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் தணிந்த குரலில் கேட்டார். "சார், பாத்ரூம் எந்தாண்ட?"

கூடத்தை ஒட்டிய ஒரு குறுகலான நடை. அதன் கோடியில் பாத்ரூம். நாற்காலி நடைக்குள்ளேயே நுழையாது. கதவோ அதைவிடக் குறுகல், அடியில் அரை அடி உயரத்துக்குத் திண்டு வேறு. இன்ச் டேப்பும் கையுமாக ஒரு வாரம் அலைந்த நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. கதையில் பாத்ரூம் காட்சி கிடையாது. ஃப்ரேமுக்குள் வருகிற இடங்களை மட்டும்தான் அளந்திருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா தூக்கிவிட வந்தார். "வேணாம்மா, நானே போறேன்" என்று நாற்காலியை நடையின் முன்னால் நிறுத்தி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, தரையில் இறங்கினார். கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து, ஏழெட்டு அடி. நாங்கள் ஒன்பது பேர் கையில் பொட்டலத்தோடு நின்றோம். வெளியே போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது பாத்ரூம் தரையின் ஈரத்தில் அவருடைய சுடிதார் நனைந்திருந்தது. என் மனதில் முதலில் வந்ததை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: ஐயோ, அடுத்த ஷாட்டுக்கு கன்டின்யூட்டி போச்சே. அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. அவர் சுடிதார் காய்ந்ததும் மீதிக் காட்சிகளை நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எடிட்டிங்கின்போது நண்பன் மேக்கிங் வீடியோவைப் போட்டுக் காட்டினான். அந்த ஏழெட்டு அடியும் அதில் இருந்தது. "மச்சான், படத்துலயே இதான்டா பெஸ்ட் ஷாட்" என்றான். அவனைத் திட்டினேன். திட்டிவிட்டு மூன்று முறை பார்த்தேன். அவன் சொன்னது சரி. நான் காசு போட்டு எடுத்த எதிலும் அவ்வளவு உயிர் இல்லை.

டப்பிங் ஸ்டுடியோ மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. மைக்கையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு நான் மட்டும் பொத்தேரிக்கு, அவர் வீட்டுக்கே போனேன். பையில் அந்த வீடியோவும் இருந்தது. எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். யதார்த்தம், சமூகத்தின் மனசாட்சி, இதைப் பார்த்து நாலு கதவாவது அகலமாகும். எல்லாம் தயார்.

வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நாற்காலி நின்றது. உள்ளே அவர் தரையில் இருந்தார். அடுப்பு, டீத்தூள் டப்பா, தண்ணீர்க் குடம் எல்லாமே தரையில். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நான் நிலைவாசலிலேயே நின்றேன்.

"இன்னா சார் நின்னுகினே கீறீங்க? உக்காருங்க."

சுற்றிப் பார்த்தேன். நாற்காலி, சோஃபா எதுவும் இல்லை. முட்டி முனக, தரையில் உட்கார்ந்தேன். அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வீச்சில் போய், பாலைப் பொங்கவிடாமல் இறக்கினார். டீயை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு உங்க ஃப்ரெண்டு கேமராவுல செவப்பு லைட்டு எரிஞ்சிகினே இருந்துச்சு. இருக்குதா அது?"

ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவர் முழுவதும் பார்த்தார். தன்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அவரைச் சுற்றிலும் எங்கள் கால்கள். பேன்ட்டுகள், லுங்கி ஒன்று, என் கால்கள் நடுநாயகமாக.

"தரையில நகர்றதுல எனக்கு இன்னா சார் வெக்கம்? பொறந்ததுலருந்து இப்டித்தான். அங்க நீங்க அத்தினி பேரும் நின்னுகினு இருந்தீங்க. நா மட்டும் கீழ. அதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு ஒத்திகை இல்லாததால் சரியாக வரவில்லை. "அழிச்சிடுங்க" என்றார். அவர் கண்ணெதிரே அழித்தேன். நண்பனுக்கு அங்கிருந்தே போன் போட்டு, அவனிடமிருந்த பிரதியையும் அழிக்க வைத்தேன். எவ்வளவு நல்ல ஷாட் என்று அப்போதும் உள்ளே ஓர் ஓரத்தில் வலித்தது. அந்த வலியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு டப்பிங் பேசினோம். ஒரு மணி நேரம் ஆனது. கிளம்பலாம் என்று எழப் பார்த்தால், இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. பிடித்துக்கொள்ள ஒரு ஜன்னல் கம்பிகூட எட்டவில்லை. குப்புறக் கவிழ்ந்து, கைகளை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடுத்த தபா வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டு வாங்க சார். உங்களுக்கு ஒரு கைப்பிடி போட்டு வெக்கிறேன்."