மெயினை இறக்கிய கை

கறுப்புக் கேபினட்டின் முன்பக்கத்தில், பவர் பட்டனுக்குச் சற்று மேலே, ஒரு பொட்டு இருக்கிறது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. குங்குமத்தின் சிவப்பு மட்டும் பெயின்ட்டுக்குள் இறங்கி, ஒரு விரல்நுனி அளவுக்குக் கறையாக நிற்கிறது. போன வாரம் அந்தக் கம்ப்யூட்டரை ஸ்கிராப்புக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும் முன் ஸ்டிக்கரை உரித்துத் துடைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவைப்பது என் வேலை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஸ்டிக்கரின் பசை போனது, எண்ணெய்ப் பிசுக்கு போனது, பொட்டு போகவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது லீடர் அக்காவின் விரல்.

ஒரகடத்தில் கார்களுக்கான மின்னணுப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. ‘எங்களுடையது’ என்பது சும்மா வாய்ப்பழக்கம். அன்றைக்கு நானும் அக்காவும் அந்தக் கம்பெனியின் ஆட்களே அல்ல. கம்ப்யூட்டர் பராமரிப்பை எடுத்திருந்த ஏஜென்சி மூலம் நான் வந்திருந்தேன். அக்கா ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். வந்து ஏறத்தாழ பத்து வருடம் ஆகியும் அவர் காண்ட்ராக்ட்தான். லைனை நடத்துவது அவர், லைன் லீடர் என்று எல்லாரும் கூப்பிடுவதும் அவரைத்தான். ஆனால் சட்டை மட்டும் நீலம். நிரந்தர ஊழியர்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை. நீலச் சட்டைக்காரர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வர வேண்டும், சாம்பல் சட்டைக்குக் கம்பெனி பஸ் வரும். வல்லக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர் அக்கா. அந்தப் பஸ் அவர் வீட்டுத் தெருமுனை வழியாகத்தான் தினமும் போகும். அந்தப் பொட்டு வைத்த வருடம், தீபாவளிக்குப் பிறகு அவரை நிரந்தரமாக்குவதாகச் சொல்லி, சட்டைக்கு அளவுகூட எடுத்துவிட்டார்கள். அளவெடுத்த அன்று அவர் என்னிடம் வந்து, “பாப்பா, காலர் சைஸ் கேட்டாங்க, எனுக்கு இன்னா தெரியும்? கழுத்த நீட்டிட்டேன்” என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

என்னை அவர் ‘சிஸ்டம் பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். குன்றத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேரும் எனக்கு, பல நாள் காலைச் சாப்பாடு அவர் டப்பாவிலிருந்துதான். லைனின் ஓரமாக வரிசையாக நிற்கும் டெஸ்ட் கம்ப்யூட்டர்களை அவர் பெயர் வைத்து அழைக்காத குறை. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு ஸ்டேஷனில் சோதிக்கப்பட்டு, கடைசி ஸ்டேஷனில் பச்சை விளக்கு எரிந்தால்தான் வெளியே போகும். அந்தக் கடைசி ஸ்டேஷனின் கம்ப்யூட்டர் மற்றவற்றைவிடப் பழையது. தினமும் ஷிப்ட் தொடங்கும்போது அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

ஆயுத பூஜை எங்கள் லைனில் பெரிய விஷயம். வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், பொரி, சுண்டல் எல்லாம் உண்டு. மற்ற லைன்களில் இல்லாத ஒரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. கற்பூரம் காட்டும் நேரத்தில் ஒரு இயந்திரமும் ஓடக்கூடாது. மெயினை இறக்கிவிடுவார்கள். இறக்கினால் யூபிஎஸ் கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும், பூஜையில் அது அபசகுனம் மாதிரி இருக்கும். அதனால் யூபிஎஸ்ஸையும் சேர்த்தே அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற அமைதியில்தான் மணி அடிப்பார்கள். அந்த மெயினை இறக்குவது வருடா வருடம் அக்காவின் கை. மறுபடி தொழிற்சாலை திறக்கும்போது ஏற்றுவதும் அதே கை. “இதுங்களும் நம்ம மாதிரி மூணு ஷிப்ட் பாக்குதுங்க. ஒரு நாளாச்சும் படுக்க வுடுங்கடா” என்பார்.

அந்த வருடம், வேறு ஊரில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் நாள்காட்டியைப் பார்த்திருக்கிறார். ஆயுத பூஜை, உற்பத்தி இல்லை என்று போட்டிருந்திருக்கிறது. கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்கும் நாள், பயாஸ் அப்டேட்டை அனுப்ப இதைவிட நல்ல நாள் கிடைக்குமா! பயாஸ் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிக்கிற சின்னப் பாடம். அதை வைத்துத்தான் தனக்குக் கை இது, கால் இது என்று அதற்குத் தெரியும். அந்தப் பாடத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும் சில நிமிடங்கள் மட்டும் மின்சாரம் போகக்கூடாது. போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் போட்டே வைக்கும்படி இன்ஜினியர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் வந்ததாம். படித்தார்கள், பொரி சாப்பிடக் கிளம்பினார்கள். லைனுக்கு யாரும் சொல்லவில்லை. ஏஜென்சி ஆள் என்பதால் எனக்கு அந்த மெயிலே வரவில்லை. நான் குன்றத்தூரில் எங்கள் வீட்டுத் தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே லைனில் மானிட்டர்களைத் துடைத்து, அணைத்து, கேபினட்டுகளுக்குப் பொட்டு வைத்தாயிற்று. அணைந்த திரைகளுக்குப் பின்னால் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. அக்கா மெயினை இறக்கினார். யூபிஎஸ்ஸை அணைத்தார். மணி அடித்தது, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விடுமுறை முடிந்து திறந்த காலையில் நானும் லைனில் இருந்தேன். அக்கா எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, காலால் நசுக்கி, மெயினை ஏற்றினார். எல்லாக் கேபினட்டிலும் விளக்கு வந்தது. விசிறிகள் சுற்றின. மானிட்டர் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். ஒன்றிலும் ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து அழுத்தினார். சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோல, “பாப்பா, காத்தாடி சுத்துது. உசுரு கீது. கண்ணுதான் தொறக்க மாட்டேங்குது” என்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ இன்ஜினியர்கள் எனக்குப் போன் செய்து கோளாறு சொல்லியிருக்கிறார்கள். இதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். முதலில் ‘ராம்’ என்கிற மெமரி அட்டையைக் கழற்றி மாட்டினேன். பிறகு காசு மாதிரி இருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மாட்டினேன். போர்டில் ஜம்பர் என்கிற சின்ன இணைப்பை மாற்றிப் பழைய அமைப்புகளை அழித்தேன். இதெல்லாம் இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்று தெரிந்தேதான் செய்தேன். நம்பிக்கைக்காக விபூதி பூசிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. புதிய மாடல்களில் மட்டும் ஒரு வழி உண்டு. பயாஸ் கோப்பைப் பென் டிரைவில் வைத்து, அது எதிர்பார்க்கும் பெயரைச் சூட்டி, கீபோர்டில் குறிப்பிட்ட சாவிகளை அழுத்தியபடி பவர் போட்டால், அதுவே எடுத்துத் தன்னை எழுதிக்கொள்ளும். அப்படி ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொரு திரை வெளிச்சமானபோதும் அக்கா கைகூப்பினார். மாலைக்குள் எல்லாம் எழுந்துவிட்டன, கடைசி ஸ்டேஷனைத் தவிர. அந்தப் பழைய மாடலுக்கு இந்த வழி கிடையாது. செய்த நிறுவனத்தின் இணையதளத்தில் அதன் கோப்பும் இல்லை. தலைமை அலுவலகம் அனுப்பிய அப்டேட்டோ கண் விழித்திருக்கும் கம்ப்யூட்டரில்தான் ஓடும். சோதனை முடிந்த பெட்டிகள் பச்சை விளக்குக்காக அடுக்கி வைக்கப்பட்டு, வாசலில் லாரிகள் நின்றன.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். கேமராப் பதிவைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். புகைக்கு நடுவே அக்காவின் கை மெயினை இறக்குவது தெரிந்தது. அங்கே நிறுத்தினார்கள். நிறுத்திய அந்தக் காட்சியின் ஓரத்திலேயே மேனேஜர் சார் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். “மெயில் லைனுக்கு வரவே இல்லியே சார், வருஷா வருஷம் இப்படித்தானே பூஜை நடக்குது?” என்று கேட்டேன். “நீங்க ஏஜென்சிம்மா. மெஷின எழுப்புங்க, அது போதும்” என்றார். கையில் ஒரு ஸ்குரூடிரைவரைத் தவிர எனக்கு அந்த அறையில் எந்தப் பலமும் இல்லை.

வெளியே அக்கா காத்திருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. “கடைசி மிஷின் எழுந்துக்குமா?” என்று மட்டும் கேட்டார். எழுந்துவிட்டால் எல்லாம் மறந்துபோய்விடும் என்று அவர் நம்பினார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நம்பினேன். “எழுப்பிடலாம்க்கா” என்றேன். அவர் மேற்கே வல்லக்கோட்டை முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

நான் சென்னையில் மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, பழைய போர்டுகளின் குவியலில் அதே மாடல் போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பயாஸ் இருக்கும் சிப் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, எட்டுக் கால். அதைக் கவ்விப் பிடித்து லேப்டாப்போடு இணைக்க ஒரு கிளிப் உண்டு. ஒரு கால் சரியாகப் பிடிக்காவிட்டாலும் படிப்பது தப்பாகிவிடும். கிளிப் வழுக்கி வழுக்கிக் கழன்றது. மூச்சை அடக்கிக்கொண்டு, நல்ல போர்டிலிருந்து படித்தேன், மறுபடி படித்து இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தேன், பிறகு செத்த சிப்பில் எழுதினேன். அடுத்த நாள் காலை, லைன் ஓடத் தொடங்கிய நேரத்தில், என் அறையில் கேபினட்டை மூடாமலே பவர் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. இருந்தது, இருந்தது, பிறகு மூலையில் வெள்ளையாக ஒரு எழுத்து வந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நான் லைனுக்கு ஓடினேன்.

அக்காவின் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன்தான் சொன்னார். காலையில் அக்கா வழக்கம்போல வந்து கார்டை வைத்திருக்கிறார். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறார். சிவப்பு. “சிஸ்டத்துல பேரு வரலம்மா, காண்ட்ராக்டர கேளுங்க” என்று இவர் சொல்லியிருக்கிறார். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டால், “கம்பெனில கேளு” என்றானாம். யாரும் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், எதிரே நிற்கிற முகத்தைப் பார்க்க வேண்டும். கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். “சாப்பாட்டுப் பைய வெச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்துச்சு மேடம். நான் இன்னா பண்றது?” என்றார் அவர். அவரும் நீலச் சட்டைதான், வேறு நீலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். நல்ல செய்தியோடு போகிறேன் என்ற நினைப்பு எனக்கு. அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் டீ குடிக்க வைத்தார். நான் சொன்னேன்: “அக்கா, கடைசி மிஷின் எழுந்துடுச்சு. நல்லா ஓடுது. உங்க கையால ஒண்ணும் சாகல.”

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அது அப்படியே வற்றிப்போனது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஓடுதா?” என்றார். “அது செத்துப்போச்சு, அதான் என்ன அனுப்பிட்டாங்கன்னு மனச தேத்திக்கினு இருந்தேன் பாப்பா. அது ஓடுதுன்னா, என்ன எதுக்கு அனுப்புனாங்க?”

ஒரு மனுஷி நொந்துபோய்ச் சாய்ந்துகொண்டிருந்த ஒரே சுவரையும் நான் போய் இடித்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வந்தார். “மிஷின் எழுந்துக்கினா முடி தரேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன். கிருத்திகைக்குப் போய் குடுத்துட்டு வந்துடணும்” என்றார். அப்புறம் தனக்குத் தானே பேசிக்கொள்வதுபோல, “மிஷினத்தான் கேட்டேன். வேலைய கேக்கணும்னு தோணவே இல்ல பாரு” என்றார்.

அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் அவரைப் பார்த்தேன். படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். முடி கட்டையாக வளர்ந்திருந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் ஹவுஸ்கீப்பிங் சட்டை போட்டிருந்தார். நான் இருந்த பஸ் நிற்காமல் போய்விட்டது. நின்றிருந்தாலும் நான் இறங்கியிருப்பேனா என்று தெரியாது.

இப்போது நான் அந்தக் கம்பெனியின் நிரந்தர ஊழியர். சாம்பல் சட்டையை முதல் நாள் போட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது. இப்போதும் ஆயுத பூஜை நடக்கிறது, ஆனால் மெயினை யாரும் இறக்குவதில்லை. அணைக்கக்கூடாது என்று ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மேலே தமிழில் ஒட்டியிருக்கிறார்கள். விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே மணி அடிக்கிறார்கள், அது யாருக்கும் சரியாகக் கேட்பதில்லை.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் முன் கடைசியாக ஒரு முறை பவர் போட்டேன். பொட்டுக்குக் கீழே விளக்கு வந்தது, விசிறி சுற்றியது, ஒரு தடங்கலும் இல்லாமல் திரை கண்ணைத் திறந்தது. ஸ்டோரிலிருந்து டிராலியோடு வந்தவரிடம், “இது நல்லாத்தானே ஓடுது, இத எதுக்கு அனுப்புறாங்க?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

“ஓடுனா இன்னா மேடம்?” என்றார் அவர். “அனுப்பச் சொல்லிட்டாங்க.”

உடனே அக்காவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிறகு, போன முறை நான் கொண்டுபோன நல்ல செய்தி நினைவுக்கு வந்தது. பவரை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டு, டிராலியில் ஏற்றுவதற்கு ஒரு கை பிடித்தேன்.