கிரில் பற்றவைத்த நாள்

தேனியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பது என் நினைப்பு. வெல்டர் பிரிவுப் பையன்களைக் கேட்டால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே உட்காரக் கிடைக்கிற நேரம் என்பார்கள். அவர்களில் ஒருவன் போன மாதம் திடீரென்று எழுந்து, "மிஸ், வெல்டிங்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டான்.

"பத்தவைக்கிறது."

"அது எங்க ஊரு ஆடு மாட்டுக்கே தெரியும் மிஸ். அந்தப் பேரு எங்கன இருந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன், உக்காருடா" என்று அதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தடித்த அகராதியை எடுத்தேன்.

இரும்போடு இரும்பைச் சேர்ப்பது முதல் அர்த்தம். பிரிந்து கிடக்கும் மனிதர்களை ஒன்றாக்குவது இரண்டாவது. மஞ்சள் சாயம் எடுக்கிற ஏதோ ஒரு செடிக்கும் வெல்ட் என்றே பெயராம்; அது வேறு குடும்பம், நம் சொல்லுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. நம் சொல் பிறந்த கதைதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. ஆதியில் அது 'வெல்' என்றுதான் இருந்திருக்கிறது. கொதிப்பது, பொங்கி மேலே வருவது என்று பொருள். கரண்ட் இல்லாத காலத்துக் கொல்லர்கள் இரண்டு இரும்புத் துண்டுகளை உலையில் வைத்து, மேல்தோல் கொதித்து இளகும்வரை காய்ச்சி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அடித்திருக்கிறார்கள். கொதிக்கவைத்தாயிற்று, சேர்த்தாயிற்று என்று பேசிப் பேசி, நடந்து முடிந்ததைக் காட்டும் 'ட்' அந்தச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது போலும். தரையிலிருந்து பொங்குகிற ஊற்றுக்கும், அதனால் கிணற்றுக்கும், அந்த வேரிலிருந்துதான் இங்கிலீஷில் 'வெல்' என்று பெயர் வந்ததாம். கண்ணில் நீர் பொங்குவதைச் சொல்ல இன்றைக்கும் இங்கிலீஷில் அதே 'வெல்'தான்.

அகராதியை மூடிவைத்தேன். வெல்டிங்கும் கண்ணீரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அகராதி எதற்கு? எட்டு வயதில் நேரிலேயே பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைப் பந்தல். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே தோட்டம், ஒரே கிணறு, ஒரே மோட்டார். அந்த மோட்டார்தான் வினை. யாருடைய முறையில் யார் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று ஆரம்பித்த பேச்சு, கல்யாணத்தில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்பது வரைக்கும் போய், வீட்டை இரண்டாகப் பிரிப்பது என்று முடிந்தது. அம்மா தன் பங்குக்கு, "செத்தாலும் இனி அவ மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று ஒரு சபதம் போட்டாள். அவள் என்றால் சித்தி. நேற்றுவரை என் அம்மாவுக்குப் பேன் பார்த்துவிட்ட சித்தி.

எங்கள் வீட்டில் கோயில் மணி அடித்ததும் செபமாலை சொல்வது வழக்கம். அப்பா மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, சித்தப்பா குடும்பம் மீதியை முடிக்கும். சண்டைக்குப் பிறகு இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அங்கே சத்தம் கூடினால் இங்கேயும் கூடும். மாதாவுக்கே காது அடைத்திருக்கும்.

வீட்டின் நடுக்கூடத்தை எப்படி மறிப்பது என்று பேச்சு வந்தபோது, சுவர் எழுப்பிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "செவரு வச்சா காத்து வராது" என்றார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஏற்காத அந்த நாட்களில் சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். காற்றுக்காக, இரும்புக் கிரில் போடுவது என்று முடிவானது. அண்ணனும் தம்பியும் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

கிரில் வைக்கிற அன்று இருவருமே வீட்டில் இல்லை. அப்பா திராட்சைப் பெட்டிகளோடு முதல் பஸ்ஸுக்கே கம்பம் சந்தைக்குப் போய்விட்டார். சித்தப்பா விடியும் முன்பே தோட்டத்துக்குப் போனவர் சோறு தின்னக்கூட வரவில்லை. அப்படி என்னதான் வேலையோ.

வெல்டர் ஒரு ஆட்டோவில் தன் வெல்டிங் செட்டை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கேரளத்துக் கட்டப்பனையில் பல வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் பேச்சில் இடையிடையே மலையாளம் கலந்திருக்கும். கூடத்தின் எங்கள் பக்கம் நானும் அந்தப் பக்கம் சித்தப்பா மகனும் நின்றிருந்தோம். அவன் எனக்குத் தம்பி. என்னைவிட ஒரு வயது இளையவன். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது பெரியது. நாங்கள் இருவரும் அதற்கு முன்னால் ஒருநாளும் தனித்தனியாகச் சாப்பிட்டதோ தூங்கியதோ கிடையாது. இனிமேல் பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

"மோளே, இங்கன நிக்காத. ஏலே, நீயும் போ. வெறும் கண்ணால இதப் பாத்தீகன்னா பொழுது சாய அழுவீக" என்றார் வெல்டர்.

அழுகையைக் காட்டி எங்களைப் பயமுறுத்தினால் எப்படி? அந்த வாரம் முழுக்க நாங்கள் வேறென்ன செய்துகொண்டிருந்தோம்? அவர் விரட்டியதும் ஓடுவது போல ஓடி, நான் நெல் மூட்டைக்குப் பின்னாலும் அவன் தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டோம்.

பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள், பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. எங்களிடம் ஒரு பழைய விளையாட்டு இருந்தது. கண் சிமிட்டாமல் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். முதலில் சிமிட்டியவர் தோற்றவர். அவன் டிரம்முக்கு மேலே தலையை நீட்டிக் கண்ணை விரித்தான். நானும் விரித்தேன். எங்களுக்கு நடுவில் வெல்டர் குனிந்து, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வெல்டிங் ராடை இரும்பில் தட்டினார். நீலமும் வெள்ளையுமாக அப்படி ஒரு வெளிச்சம்! அதற்குள்ளே அவன் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. நான் சிமிட்டவில்லை. அவனும் சிமிட்டவில்லை. சிமிட்டினால் ஆட்டம் முடிந்துவிடும், ஆட்டம் முடிந்தால் கிரிலும் முடிந்துவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு. அவனுக்கும் அதே கணக்கு இருந்திருக்க வேண்டும்.

கிரில் முடிந்துதான் போனது. வெல்டர் துருப்பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பெயின்ட்டை அடித்துவிட்டு, "காயற வரைக்கும் தொடாதீக" என்று சொல்லிப் போனார்.

பொழுது சாய ஆரம்பித்ததும் என் கண்ணுக்குள் யாரோ கைநிறைய மணலை அள்ளிப் போட்டது போல் இருந்தது. திறந்தால் எரிந்தது, மூடினால் உறுத்தியது. தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. நான் வீடு அதிர அலறினேன். அந்தப் பக்கமும் அதே அலறல் கேட்டது.

அம்மா முதலில் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "தம்பியப் பிரிச்சுட்டோம்னு அழுகுறியாத்தா?" என்று கேட்டு என்னை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என் இமையைப் பிரித்துப் பார்த்தாள். கோவைப்பழமாகக் கிடந்தது. "அடிப் பாவி, வெல்டிங்கப் பாத்தியா?" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு உருளைக்கிழங்கை எடுக்க ஓடினாள்.

வெல்டிங் கண்ணுக்கு எங்கள் பக்கத்தில் அப்போது இரண்டு வைத்தியம் உண்டு. உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கிக் கண்மேல் வைப்பது ஒன்று. அதைவிடப் பெரிய மருந்து தாய்ப்பால்; இரண்டு சொட்டு விட்டால் எரிச்சல் அடங்கும் என்பார்கள். இப்போது எந்தக் கண் டாக்டரிடம் இதைச் சொன்னாலும் எழுந்து வந்து திட்டுவார். அன்று எங்கள் தெருவில் டாக்டர் இல்லை, தாய்ப்பால் இருந்தது. சித்திக்குக் கைக்குழந்தை.

தம்பியின் அலறல் சட்டென்று நின்றுபோனது. அவனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. கிழங்கு வில்லையை என் கண்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வில்லை சூடேறியதும் வேறொன்று வைத்தாள். எரிச்சல் குறையவே இல்லை. "கண்ணு போயிருமாம்மா?" என்று கேட்டேன். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எட்டு வயதுக்காரியை இடுப்பில் வைப்பது லேசான காரியமா? அவள் நேரே கிரிலுக்கு முன்னால் போய் நின்றாள். கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சும்மா நின்றாள். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

வளையல் சத்தம் கிட்டே வந்தது.

"அக்கா, புள்ளைய இன்னும் கிட்டக்கக் கொண்டாங்க. தலை நொழையாது. மொகத்த மட்டும் கம்பிக்கு நடுவுல வைக்கச் சொல்லுங்க."

அம்மா என் முகத்தைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். பெயின்ட் காயவில்லை, கன்னம் இரண்டிலும் பிசுபிசுவென்று ஒட்டியது. குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கில் சித்தி பாலை எடுத்து வந்திருந்தாள். "மேல பாரு ஆத்தா, மேல பாரு. என் தங்கமில்ல" என்றாள். வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு அடுத்த கண்ணிலும் விட்டாள். மருந்தால் அடங்கியதா, சித்தியின் குரலால் அடங்கியதா என்று கேட்காதீர்கள். அடங்கியது, அவ்வளவுதான்.

"கெழங்கு மிச்சமிருந்தா இவனுக்கு ரெண்டு வில்லை குடுங்கக்கா. எங்க வீட்டுல தீந்துருச்சு" என்றாள் சித்தி.

அம்மா கம்பிக்குள் கையை விட்டுக் கொடுத்தாள். அவள் முழங்கைவரை சிவப்பாகிவிட்டது. சித்தியின் சேலை முந்தியிலும் கோடு கோடாகப் பட்டிருந்தது. "புதுச் சேலையாச்சேடி" என்று அம்மா அதட்டினாள். சபதம் அத்தோடு காலி.

பின்னாளில் அந்தக் கிரிலை நடுவில் அறுத்து ஒரு கதவு வைத்தார்கள். தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைப்பது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்து, கடைசியில் தாழ்ப்பாளே வைக்கவில்லை. தமிழில் பற்றவைப்பது என்றால் சேர்ப்பதும் அதுதான், கொளுத்துவதும் அதுதான். எங்கள் வீட்டில் இரண்டையும் குறைவில்லாமல் செய்தார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயந்திரம் அதற்கு அடுத்து நடந்ததை.

கிரிலை ஒட்டி எங்கள் பக்கம் பாய் விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். அந்தப் பக்கம் தம்பி. இருவர் கண்ணிலும் கிழங்கு வில்லை. கோயில் மணி அடித்தும் அன்று யாரும் செபமாலையை ஆரம்பிக்கவில்லை. அப்பா வந்த சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றினார், நடந்தார், நின்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் வில்லையை லேசாக நகர்த்தி ஒரு கண்ணால் பார்த்தேன்.

அப்பா கிரிலுக்கு முன்னால் நின்றிருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். எதிரே, அந்தப் பக்கம், தலையில் கட்டிய துண்டோடு சித்தப்பா நின்றிருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கீழே படுத்திருந்த எங்களைத்தான் பார்த்தார்கள். அப்பாவின் கண் இரண்டும் என் கண்ணைப் போலவே சிவந்து, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; சித்தப்பாவுக்கும் அப்படியே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! அப்பாவும் வெல்டிங்கப் பாத்துட்டாக. சித்தப்பாவும் பாத்துட்டாக. சீக்கிரம் கெழங்கு நறுக்குங்க!"

அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கிழங்கை நறுக்கினாள். அப்பா என் பக்கத்தில் வந்து படுத்தார். அம்மா அவர் கண்களில் ஒவ்வொரு வில்லையாக வைத்தாள். மிச்சத்தைக் கம்பி வழியாகச் சித்தியிடம் நீட்டினாள். அந்தப் பக்கமும் ஒருவர் பாயில் சாய்கிற சத்தம் கேட்டது.

எனக்கோ கோபம் தாங்கவில்லை. சின்னப் பிள்ளைகள் நாங்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால், இவர்களுக்கு என்ன வந்தது?

"வெறும் கண்ணால பாக்கக் கூடாதுன்னு வெல்டர் மாமா அத்தன தடவ சொன்னாகல்லப்பா?" என்று அதட்டினேன்.

அப்பாவின் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை முழுக்கப் பெயின்ட்.

"ஆமாத்தா, சொன்னாக" என்றார். "பாத்துட்டோம்."

அப்பா முதல் பஸ்ஸுக்கே கம்பம் போனவர் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.