இஸ்மத்தின் தொட்டியில் சிவப்பு மீன்

இஸ்மத் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் அவளுக்குத்தான் தெரியும். டீச்சர் பேர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வாய் திறந்து குரல் வெளியே வருவதற்குள் டீச்சர் அடுத்த பேருக்குப் போயிருப்பார். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் வாங்கியவள் அந்தப் பள்ளியிலேயே அவள் ஒருத்திதான். ஆப்சென்ட் ஆவதற்கு அவ்வளவு தூரம் நடப்பானேன் என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

கல்யாணமாகி உக்கடத்துக்கு வந்த பிறகும் அந்தக் குரல் வளரவில்லை. தெருவில் போகும் காய்காரரை மாடியிலிருந்து "ஏனுங்க" என்று கூப்பிடுவாள். அது மாடிச் சுவரைத் தாண்டாது. காய்காரர் முக்குத் திரும்பியதும், இன்றைக்கும் வெறும் பருப்புதான் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போவாள்.

மாடியில் சிமென்ட் தொட்டி கட்டித் தங்கமீன் வளர்க்க ஆரம்பித்தாள். கணவன் ஷாஹுல் கார் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தான், வாயாலேயே பிழைப்பவன். "மீனும் பேசாது, இவளும் பேச மாட்டா. நல்லா ஒத்துப்போச்சுங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

வளர்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை. விற்பதற்குத்தான் பேச வேண்டியிருந்தது. கடைக்காரர் வாளியை எட்டிப் பார்த்து ஒரு விலை சொல்வார். இஸ்மத் மனதுக்குள் வேறொரு விலை சொல்வாள். மனதுக்குள் சொன்ன விலையை உலகத்தில் எந்தக் கடைக்காரர் கொடுத்திருக்கிறார்?

அப்போதுதான் துடியலூரில் மெர்சி என்ற பெண் வண்ணமீன் கடை திறக்கப்போகிற செய்தி வந்தது. வாட்ஸப்பில் படம் அனுப்பினால் போதுமாம். பிடித்துவிட்டால் வாராவாரம் எடுத்துக்கொள்வாளாம். இந்த ஒரு ஆர்டர் நிலைத்துவிட்டால் இனிமேல் எந்தக் கடைவாசலிலும் வாளியோடு நிற்க வேண்டாம் என்று இஸ்மத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. படம் பேசிக்கொள்ளும். அவள் சும்மா இருக்கலாம்.

தொட்டிக்கு மேலிருந்து படம் எடுத்தபோது மீன் விழவில்லை, தண்ணீரில் தெரிந்த அவள் முகம்தான் விழுந்தது. அந்த முகத்தை யார் வாங்குவார்கள்? மழைக்குப் போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறைக்குள் போனைச் செருகி, கையோடு தொட்டிக்குள் முக்கிப் படமெடுத்தாள். பாசி பிடித்த தண்ணீர். கீரை மசியலுக்குள் மீன் விழுந்த மாதிரி எல்லாம் பச்சையாக இருந்தது.

யூடியூபில் கடலுக்குள் படமெடுக்கும் ஒருவர் விளக்கினார். தண்ணீர் முதலில் சிவப்பு நிறத்தைத்தான் விழுங்குமாம். லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்தால் போன நிறம் திரும்பி வருமாம். இவ்வளவு கேட்டதும் இஸ்மத் வீடியோவை நிறுத்திவிட்டாள். பாதி கேட்டதுமே முழுக்கத் தெரிந்துவிடுகிற புத்தி அவளுக்கு உண்டு. அதை வெளியே சொல்லாததால்தான் பலரிடம் தப்பித்து வந்தாள்.

நாத்தனார் கல்யாணத்துச் சீர்த்தட்டு சுற்றிய கண்ணாடித் தாள் பீரோவுக்கு மேலே இருந்தது, சிவப்பிலும் ரோஸிலும். சிவப்பை வெட்டி லென்ஸில் ஒட்டினாள். படம் பிரமாதமாக வந்தது. அனுப்பிவிட்டாள்.

உடனே மெர்சியின் குரல் பதிவு வந்தது. "அக்கா, இப்படி ஒரு செவப்ப நான் பாத்ததே இல்லீங்க! கடை தெறப்புக்கு அத்தனையும் எனக்கே வேணுங்க. வேற ஆருக்கும் குடுத்துப்போடாதீங்க!"

இஸ்மத் பூரித்துப்போய்ப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். தொட்டியின் வெள்ளை பைப்பும் சிவப்பாக இருந்தது. நத்தையும் சிவப்பு. ஓரத்தில் விழுந்திருந்த அவளுடைய விரல் முழுக்க மருதாணி வைத்தது போல இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படி? டைப் செய்தாள், அழித்தாள். எழுத்திலும் அவள் கூச்சக்காரிதான். கடைசியில், தாள் ஒட்டாமல் எடுத்த பச்சைப் படத்தை அனுப்பினாள். பார்த்தால் மெர்சிக்கே புரிந்துவிடும் என்று நம்பினாள். மெர்சியின் பதில் வந்தது.

"பச்சை மீனுமா! எங்கீங்க்கா புடிச்சீங்க? அதுலயும் கொஞ்சம் எடுத்து வைங்க!"

ஷாஹுல் படியில் உட்கார்ந்து சிரித்தான். "நாளைக்கு மஞ்சத் தாள ஒட்டு. அதையும் வாங்கிக்குவாங்க."

மானம் போகிற நிலையில்தான் வீடியோவின் மீதிப் பாதியைப் பார்த்தாள். சிவப்பு ஃபில்டர் நீலக் கடலுக்குத்தானாம். பச்சைத் தண்ணீருக்கு ரோஸ்தானாம். சரியா என்று பார்க்க வெள்ளைப் பொருள் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். டீ சாஸரைத் தொட்டிக்குள் இறக்கினாள். ரோஸ் தாள் ஒரு மடிப்பில் சாஸர் பச்சையாகவே இருந்தது. மூன்றில் கல்யாணப்பெண் மாதிரி சிவந்தது. இரண்டில் வெறும் சாஸராக ஆனது. அதன் பக்கத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக அவள் மீன்கள், உள்ளது உள்ளபடி. அந்தப் படத்தை அனுப்பினாள்.

"அக்கா, இது சாதா மீனுங்களே. செவப்பு எங்கீங்க? சரி, நானே நேர்ல வாரேன்."

மறுநாள் காலையிலிருந்து இஸ்மத் தொட்டியிடம் பேசிப் பழகினாள். மீன்கள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டன. மெர்சி பிளாஸ்டிக் பைகளோடு மாடியேறி வந்து நின்றதும் பழகியதெல்லாம் தொட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. இஸ்மத் வலைவிட்டு மீன்களை வெள்ளை பேசினில் மாற்றினாள். மெர்சி குனிந்து தேடினாள்.

"செவப்பு தனியா வச்சிருக்கீங்களா?"

இஸ்மத் சிவப்புத் தாளை எடுத்து மெர்சியின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். பேசின் சிவந்தது, வானம் சிவந்தது, படியில் நின்ற ஷாஹுலின் வெள்ளைச் சட்டையும் சிவந்தது.

"ஐயோ," என்றாள் மெர்சி.

"மீன் இதுதானுங்க. செவப்பு... தாள்ல இருந்ததுங்க."

"தெறப்புக்குச் செவப்பு மீனுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனே அக்கா!" மெர்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கினாள். "அந்தப் போட்டோவையே போட்டு வித்தறலாமுங்களா? ஊட்டுக்குப் போனப்புறந்தான பாப்பாங்க."

தலையாட்டிவிட்டால் ஆர்டர் நிலைக்கும். வாளியோடு நிற்க வேண்டாம். தலையாட்டுவது இஸ்மத்துக்குக் கைவந்த கலையும்கூட.

"வேண்டாமுங்க."

பேசியது யார் என்று ஷாஹுல் திரும்பிப் பார்த்தான். இஸ்மத்தும்கூட ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஆர்டர் போயிற்று என்று நினைத்தாள். இனி அதே வாளி, அதே கடைவாசல்.

மெர்சி மறுபடி பேசினுக்குள் குனிந்து பார்த்தாள். ஒரு மீன் வெள்ளை வாலை விசிறிக்கொண்டு திரும்பியது. "இதென்ன பட்டுத்துணியாட்டம் இருக்கு," என்று முணுமுணுத்தாள். "இத போடுங்க. அந்தப் பெருசையும். அத்தனையும் வேண்டாங்க, பாதி போதும்."

பையைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பினாள். "வித்துதுன்னா வாராவாரம் எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணுங்க்கா, போட்டோ மட்டும் அனுப்பாதீங்க. செவப்போ பச்சையோ, உங்க போட்டோவப் பாத்தாலே எனக்குப் படபடன்னு வருது. போன் பண்ணி வாயில சொல்லுங்க."

மீன் விற்றது. அடுத்த வாரம் இஸ்மத் போன் செய்தாள். மெர்சி "ஹலோ, ஹலோ" என்று கூவிவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்தாள். இஸ்மத் மறுபடி செய்தாள், மெர்சி மறுபடி வைத்தாள். மூன்றாவது முறை மெர்சி எடுத்ததும், இஸ்மத் முந்திக்கொண்டு, தெருக்காய்காரருக்கே கேட்கும்படியாகச் சொன்னாள்.

"ஆரஞ்சுங்க!"

"அதுக்கு முன்னால ஒரு ஹலோவாவது சொல்லக் கூடாதுங்களா அக்கா?" என்றாள் மெர்சி.