கொட்டாஞ்சேனை இடியப்பக் கூடத்தில் நான் கணக்கில் எடுக்காத ஐந்து மீற்றர்

தை மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஓர் அமுக்கமானியைப் பார்ப்பதற்காக வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். திங்கட்கிழமை திரும்பவும் போனேன், அது மன்னிப்புக் கேட்க. ஆவியில் சமைக்கும் இடங்களுக்கு யோசனை சொல்லப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுதர்சன் என்னிடம் பௌதிகவியல் படித்தவன். இப்போது இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறான். மேல்தளத்தில் எரிவாயுக் கொதிகலன் இருக்கிறது. ஆவி குழாய்வழியே கீழே அவிக்கும் பெட்டிகளுக்கு வருகிறது. மூன்று கிழமையாக இடியப்பம் நடுவில் மாவாகவே இருக்கிறதாம்.

“பிழை பொயிலரிலயோ, அதைப் பாக்கிற ஸ்டெலா அக்காவிலயோ எண்டு நீங்கதான் சொல்லோணும் ரீச்சர். அக்காவெண்டா திங்கள்ல இருந்து வேற ஆளைப் போடுறன்” என்றான் தொலைபேசியில்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் காலை 8.20க்கு 155 பஸ் ஏறினேன். ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீற்றர், 90 ரூபா. சனிக்கிழமை என்றாலும் ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. இடதுபக்க இருக்கையில் வெயில் குறைவு.

அமுக்கமானி சமையற்கூடச் சுவரில், சுதர்சனின் மேசைக்கு நேரே இருந்தது. முன்பு அது மேலே கொதிகலனிலேயே இருந்ததாம். தானும் பார்க்கவேண்டும் என்று சுதர்சன் போன மாதம் மெல்லிய குழாய் ஒன்று இழுத்து அதைக் கீழே இறக்கியிருந்தான். முள் ஒன்று என்ற இலக்கத்தில், அதாவது ஒரு பாரில், ஆடாமல் நின்றது. ஒன்றில் வைத்தால் ஏழு நிமிடத்தில் இடியப்பம் வேகும் என்பது அவர்களுடைய பழைய கணக்கு. அரைமணி நேரம் நின்று பார்த்தேன். முள் அசையவில்லை. ஆகவே ஆவி சரி, ஏழு நிமிடம் ஆகுமுன் பெட்டியை யாரோ வேளைக்கே திறக்கிறார்கள் என்று சொன்னேன்.

ஸ்டெலாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கைகளைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“டீச்சர், அந்த முள்ள நம்பாதீங்க. விடிய நான் அடுப்புப் பத்தவைக்க முந்தியே அது அரையில நிக்குது. ஒருநாள் வந்து பாருங்களேன்.”

“நெருப்பே இல்லாமல் ஆவி எங்கேயிருந்து வரும் ஸ்டெலா?” என்று கேட்டுச் சிரித்தேன். இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி, “அக்கா சும்மாவே ஆவியா கொதிக்கிற ஆள்தானே டீச்சர்!” என்றாள். ஸ்டெலா பெட்டியடிக்குத் திரும்பிப் போனார்.

ஞாயிறு பின்னேரம் எங்கள் மூன்றாம் மாடிக் குழாயில் தண்ணீர் நூல்போல் வந்தது. வாளியோடு கீழே இறங்கி நிலமட்டக் குழாயைத் திறந்தேன். சேலை நனையும் அளவுக்குச் சீறியது. இரண்டு குழாய்க்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி ஒன்றுதான். கீழே வர வர, மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் கூடுகிறது, அமுக்கமும் கூடுகிறது. இருபத்தெட்டு வருடம் வகுப்பில் நான் சொன்ன உதாரணம் இது. வாளி நிரம்பி வழிந்தது. குழாயைப் பூட்டத் தோன்றவில்லை.

சுதர்சன் இழுத்த குழாய்க்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகி நிற்கும். பத்து மீற்றர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் காட்டும். கொதிகலன் மானிக்கு ஐந்து மீற்றர் மேலே என்றால் அரை. நெருப்பில்லாமலே முள் அரையில் நிற்கும். அது ஒன்று காட்டும்போது கொதிகலனில் இருப்பது அரைதான்.

உடனே தொலைபேசி எடுத்தேன். “அக்காவை நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லியாச்சே ரீச்சர்” என்றான் சுதர்சன்.

திங்கள் காலை 5.05 பஸ். வீதி வெறுமையாக இருந்ததால் நாற்பது நிமிடத்தில் போய்விட்டேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை, கொதிகலன் குளிர்ந்து கிடந்தது. முள் அரையில் நின்றது. மானியிலிருந்து கொதிகலன்வரை உயரத்தைச் சுதர்சன் நாடாவால் அளந்தான். ஐந்து மீற்றரும் பத்து சென்ரிமீற்றரும். மா மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். “நானும் உங்களிட்டப் படிச்சனான்தானே ரீச்சர்” என்று மட்டும் சொன்னான்.

ஸ்டெலாவின் வீடு அங்கிருந்து நடந்து எட்டு நிமிடம். வாசலிலேயே நின்றார்.

“என்ன டீச்சர், ஆவி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“ஆவியில்லை ஸ்டெலா, தண்ணீர். நீங்கள் சொன்னதுதான் சரி. நான் சிரித்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“சிரிச்சது ஆறு பேருக்கு முன்னால. மன்னிப்பு மட்டும் யாருமில்லாத வாசல்லயா?”

“அப்ப வாங்கோ, அங்கேயே சொல்லுறன்” என்றேன்.

சொன்னேன். ஆறு பேரும் மா கையோடு நின்றார்கள். சுதர்சனும் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டான். ஸ்டெலா முந்தானையைச் செருகிக்கொண்டு, “சரி டீச்சர், வழி விடுங்க. பெட்டி சூடாகணும்” என்றார்.

ஒன்பது மணிக்குக் கொதிகலன் திருத்துபவர் வந்து மேலே இன்னொரு மானி பொருத்தினார். அதைப் பார்த்து நெருப்பைக் கூட்டியபோது மேலே ஒன்று, கீழே ஒன்றரை.

நீங்கள் போவதாக இருந்தால் விடிய முதல் பஸ்ஸில் போங்கள். மானியைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். அது கொதிகலனுக்குக் கீழே இருந்தால் உயரத்தை அளந்து பாருங்கள். வால்வு என்னும் அடைப்பிதழ்களை நீங்களே திருகாதீர்கள், அது தெரிந்தவரின் வேலை. இதையெல்லாம் செய்ய முதல், அதோடு தினமும் நிற்பவரைக் கேளுங்கள், பதில் முடியும்வரை பேசாமல் இருங்கள். கடைசியாகச் சொன்னதை நான் வகுப்பிலாவது ஒழுங்காகச் செய்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். கையுயர்த்திய எத்தனை பிள்ளைகளை ஒரு பகிடியால் இருத்தியிருப்பேன்?

திரும்பும்போது ஸ்டெலா இருபது இடியப்பத்தைப் பொதிசெய்து என் கையில் தந்தார்.

“நடுவுல பிச்சுப் பாருங்க டீச்சர். முள்ளப் பாக்காதீங்க.”

வெள்ளவத்தை வரும்வரை பொதி மடியில் சுட்டது. வீட்டில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். நடுவரை வெந்திருந்தது.