குளிரில் தயங்கிய சிவப்புப் புள்ளி

எண்பதுகளில் ஒரு மார்கழி. ஜமுனாமரத்தூர் பயணியர் விடுதியில் நான் சமையல்காரனாக இருந்தேன். மஃப்ளரால் காதை மூடிய ஒல்லியான மனிதர் ஒருவர் இரண்டு மரப்பெட்டிகளோடு வந்து தங்கினார். ஆராய்ச்சிக்காரர் என்றார்கள்.

விடியற்காலையில் காபி கொண்டுபோனேன். மேஜைமேல் ஒரு லேசர் விளக்கு. அதன் முன்னால் தபால்தலை அளவுக்கு இரண்டு கண்ணாடிகள், நடுவில் ஏதோ திரவம். எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்பார். "நான் தொட்டு நகத்திட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க" என்று, கண்ணாடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியின் குமிழை என்னைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். விளக்கும் கண்ணாடியும் இருந்த இடத்திலேயே இருந்தன. புள்ளி மட்டும் மெல்ல ஊர்ந்து நான்கு விரற்கடை நகர்ந்தது.

"இதுல அசையற பாகமே கிடையாது" என்றார் பெருமையாக.

ஆனால் மதிய வெயிலில் சட்டென்று தாவிய புள்ளி, மறுநாள் காலைக் குளிரில் மறுபடி ஊர்ந்துதான் போனது.

"ஏங்க சார், எதுவுமே அசையலன்னா குளிர்ல இன்னாத்துக்கு மெதுவா போவுது?"

"கரண்ட் பட்டா திரவத்துக்குள்ள இருக்கிற மூலக்கூறெல்லாம் திரும்பும். ஒளியும் அதோட திரும்பும். குளிர்ல திரவம் கெட்டியாயிடுது, அதுங்க திரும்ப நேரமாகுது."

"அப்ப அதுங்க அசையுது இல்லீங்க?"

பின்னால் கட்டியிருந்த கைகள் பிரிந்தன. நோட்டை எடுத்து ஒரு வரியை அடித்தார். என் பெயரைக் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அடித்த வரிக்குப் பதிலாக என்ன எழுதியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன். அவர் பெயரைக் கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.